குத்தகைக்கு விட்ட காட்சிகள்



அவிநாசி வட்டாரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பருத்தியைப் பற்றியோ பனியன் தொழிலைப் பற்றியோ பேச வந்திருப்பேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. காமிராவினால் எடுத்த சிறு சிறு காட்சிகளை உலகச் சந்தையில் வைத்துப் பொருளீட்டுவது எவ்வாறு? அவ்வாறு ஈட்டும்போது நம் உரிமையையும் பிறர் உரிமையையும் காத்துக்கொள்வது எவ்வாறு? இவ்விரண்டு கேள்விகளுமே என் பேச்சின் பொருளாகும்.

நான் காமிராவைக் கையில் எடுத்தவன் அல்லேன். இதனைக் கற்றுக்கொள்ளும்படி என்னை வற்புறுத்தியவர் என் பழைய மாணவர் ஒருவர். அவர் கலியாண வீடுகளில் வீடியோப் படம் எடுப்பவர். எங்கள் பக்கத்தில் ஆடி மாதத்திலும் மார்கழி மாதத்திலும் கலியாணம் கிடையாது. அந்த மாதங்களில் அவருடைய காமிரா பெட்டிக்குள் உறங்கும். ஆனால் காமிரா வாங்கிய கடனுக்குரிய தவணையோ, ஆடி என்றும் மார்கழி என்றும் பாராமல் மாதந்தோறும் வந்து வாசலில் நிற்கும். இந்த நெருக்கடியில்தான், பத்து விநாடி, இருபது விநாடி ஓடும் காட்சிகளை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்து வருவாய் பெறலாம் என்று அவர் கேள்வியுற்றார். ஒரு மாலைப் பொழுதில் தாள்க் கட்டு ஒன்றைக் கொணர்ந்து என் முன் வைத்தார்.

“சார், இங்கிலீஷ்ல நாற்பது பக்கம் இருக்குதுங்க. கடைசியில ‘சம்மதம்’னு ஒரு பொத்தான் இருக்குது. அழுத்திடலாமுங்களா?” என்று கேட்டார்.

“பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவாயா, தம்பி?” என்றேன் நான்.

அவர் சற்றுத் தலையைக் குனிந்துகொண்டு, “ஏற்கெனவே ஒண்ணுல போட்டுட்டேனுங்க சார்” என்றார்.

அந்தக் கையெழுத்தினால் நேர்ந்தது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் இத்தொழிலின் இயல்பைச் சிறிது பார்ப்போம்.

திரைப்படத் துறையினர் ‘ஸ்டாக் ஷாட்’ என்று ஒன்றைக் கூறுவார்கள். ஒரு கதையில் இரயில் வண்டி ஒன்று பாலத்தைக் கடக்க வேண்டும். அதற்கெனத் தனியே சென்று படம் பிடிக்காமல், முன்னரே எவரோ எடுத்து வைத்திருக்கும் காட்சியை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள். இருப்பில் உள்ள காட்சியாதலின் அது ‘ஸ்டாக்’ எனப்பட்டது. 1948 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 2022 ஆம் ஆண்டு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்ட மத்திய அரசின் ‘ஃபிலிம்ஸ் டிவிஷன்’ இத்தகைய காட்சிகளை விலைக்குக் கொடுத்து வந்தது. நான் இவற்றைக் ‘காட்சித் துண்டு’ என்று எளிமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எவரோ எடுத்து வைத்த காட்சித் துண்டு எத்துணை மதிப்புடையதாகும் என்பதற்குத் தமிழ் நாட்டிலேயே தலைசிறந்த சான்று ஒன்று உண்டு. கோட்டையூரில் 1911 ஆம் ஆண்டு பிறந்த ஏ. கே. செட்டியார், டோக்கியோவில் நிழற்படக் கலை பயின்றவர். 1937 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி முழுநீள ஆவணப்படம் ஒன்று எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. ஆனால் கடந்து போன காலத்தை எந்தக் காமிராவினால் எடுக்க முடியும்? தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காந்தியையும், தண்டிக்கு நடந்த காந்தியையும், இலண்டன் மாநாட்டுக்குச் சென்ற காந்தியையும் அந்தந்தக் காலத்தில் எடுத்தவர்களிடமிருந்துதானே பெற வேண்டும்! ஆகவே செட்டியார் கண்டம் விட்டுக் கண்டம் சென்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்தில், நூறு பேர் போல எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடிப் பிடித்தார். சுமார் 50,000 அடி நீளமுள்ள படச்சுருளைச் சேர்த்து, அதிலிருந்து 12,000 அடி நீளமுள்ள படத்தை உருவாக்கி, 1940 ஆம் ஆண்டு தமிழில் வெளியிட்டார். அந்தத் தேடலின் கதை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் பெயரில் நூலாகவும் வந்துள்ளது.

செட்டியாரின் உழைப்பைப் போற்றாதார் இல்லை. ஆனால் நான் இங்கே நினைவுகூர விரும்புவது அந்த நூறு பேரை. அவர்களுட் பெரும்பாலோர் அன்றைய வேலையைத்தான் செய்தார்கள். ஓர் ஊர்வலம் வந்தது, எடுத்தார்கள். ஒரு கூட்டம் கூடியது, எடுத்தார்கள். அது பின்னாளில் ஒரு நாட்டின் நினைவாக மாறும் என்று அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். காட்சித் துண்டின் பயன் அதை எடுத்த அன்றே தெரிவதில்லை. ஆதலால்தான் அதன் உரிமையை எடுத்த அன்றே அவசரப்பட்டு விற்றுவிடலாகாது என்கிறேன்.

இனி, இன்றைய சந்தைக்கு வருவோம். செட்டியார் கப்பலேறிச் செய்த தேடலை இன்று மேசை முன் அமர்ந்தபடியே செய்கிறார்கள். 2003 ஆம் ஆண்டு தொடங்கிய ஷட்டர்ஸ்டாக், 2006 ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் 2022 இல் ஷட்டர்ஸ்டாக்கின் வசமான பாண்ட்5, 2015 ஆம் ஆண்டு வந்த அடோபி ஸ்டாக் முதலியன இத்துறையில் பெயர் பெற்ற நிறுவனங்கள். உலகின் எந்த மூலையில் உள்ளவரும் தாம் எடுத்த காட்சித் துண்டை இவற்றுக்கு அனுப்பலாம். பெரும்பாலும் ஐந்து விநாடிக்குக் குறையாமலும் அறுபது விநாடிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். நிறுவனத்தார் அதைப் பரிசோதித்து, நடுக்கமோ மங்கலோ இல்லை என்று கண்டால் ஏற்றுக்கொள்வார்கள். விளம்பரம் செய்வோர், ஆவணப்படம் எடுப்போர், பாடநூல் வெளியிடுவோர் தேடி வந்து வாங்குவார்கள். விலையில் ஒரு பங்கு எடுத்தவருக்கு வரும்.

அந்தப் பங்கு எவ்வளவு? அடோபி ஸ்டாக் வீடியோவுக்கு நூற்றுக்கு 35 கொடுக்கிறது. ஷட்டர்ஸ்டாக்கில் நூற்றுக்கு 15 முதல் 40 வரை படிகள் உள்ளன. விற்பனை பெருகப் பெருகப் படி ஏறலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாளன்று எல்லோரும் முதற்படிக்கே திரும்பி வர வேண்டும். ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் எல்லா மாணவர்களையும் மீண்டும் முதல் வகுப்பில் அமர்த்தும் பள்ளி ஒன்றை நான் கண்டதில்லை. இதுவோ அத்தகைய பள்ளி!

ஒரு துண்டு 60 டாலருக்கு விலைபோனால், நூற்றுக்கு 35 என்னும் கணக்கில் 21 டாலர் கிடைக்கும். ஆனால் எல்லா விற்பனையும் அவ்வாறு நிகழ்வதில்லை. மாதச் சந்தா கட்டி மொத்தமாக எடுத்துக்கொள்வோர் பலர். அவர்கள் வழியாக வரும் பங்கு மிகவும் சிறிது. அன்றியும், சேர்ந்த தொகை 25 டாலர் என்பது போன்ற ஓர் அளவைத் தொட்டால்தான் கைக்கு வரும். என் மாணவர் முதல் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளை அனுப்பினார். விற்பனையானவற்றைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். இது தென்னை வைப்பது போன்றது. கீரை விதைப்பது போன்றதன்று. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: கலியாணம் இல்லாத மாதங்களுக்கு இது துணையாகலாம், ஆண்டு முழுவதற்கும் இதுவே சோறு போடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

எவை விற்றன என்பதும் அறியத் தக்கது. மாணவர் முதலில் அனுப்பியவை சூரிய அஸ்தமனமும் பூக்களும் மழைத்துளியும். அவற்றை ஒருவரும் தீண்டவில்லை. கதிரவன் உலகெங்கும் மறைகிறான் அல்லவா? அவற்றை எடுப்போரும் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் வட்டப் பின்னல் இயந்திரத்தில் நூறு நூல்கள் ஒன்றாகச் சுழன்று துணியாக இறங்குவதும், பவர் டேபிளில் வரிசையாக அமர்ந்து தைப்பதும், அவிநாசித் தேர் சித்திரை மாதத்தில் வடம் பிடித்து இழுக்கப்படுவதும் எங்கள் பக்கத்திலன்றோ கிடைக்கும்! அத்தகையவற்றையே வாங்குவோர் தேடினர்.

மற்றொன்றும் சொல்வேன். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்திற்காக எங்கள் பக்கத்து மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். பவானி ஆற்றின் உபரி நீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் உள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திட்டம் 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. வெடித்துக் கிடந்த குளம் ஒன்றை என் மாணவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே படம் பிடித்து வைத்திருந்தார். தண்ணீர் வந்தபின் அதே கரையில், அதே வேப்ப மரத்தடியில் நின்று மீண்டும் எடுத்தார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதாரணக் காட்சிகள். சேர்த்துப் பார்த்தால் ஒரு வரலாறு. அவ்வாறே, 2011 ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிடுவதற்கு முன், நொய்யலில் சாயநீர் ஓடிய காட்சியைத் தேதியோடு எடுத்து வைத்திருப்பவர் எவராயினும், அவர் கையில் இருப்பது இனி எடுக்கவே முடியாத பொருளாகும்.

இப்பொழுது உரிமைக்கு வருகிறேன். இதுவே என் பேச்சின் நடுப்பகுதி.

நிலம் உடையவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். ஒரு தோட்டத்தைக் கிரயம் செய்து கொடுப்பது ஒன்று. குத்தகைக்கு விடுவது மற்றொன்று. கிரயம் செய்தால் பட்டா மாறிவிடும். பிறகு அந்த வரப்பில் நடக்கவும் நமக்கு உரிமை இல்லை. குத்தகைக்கு விட்டால் விளைச்சலில் பங்கு வரும். நிலம் நம்முடையதாகவே இருக்கும். காட்சித் துண்டிலும் இவ்விரண்டும் உண்டு. பதிப்புரிமையை அடியோடு எழுதிக் கொடுப்பது கிரயம். பயன்படுத்திக்கொள்ள அனுமதி அளிப்பது குத்தகை. இதையே லைசென்ஸ் என்கிறார்கள். நிலத்தைப் போலன்றி, காட்சித் துண்டை ஒரே சமயத்தில் நூறு பேருக்கும் குத்தகைக்கு விடலாம் என்பது இதன் தனிச் சிறப்பு.

‘ராயல்டி ஃப்ரீ’ என்ற சொல்லைக் கண்டு பலரும் மயங்குகிறார்கள். இலவசம் என்று அதற்குப் பொருள் அன்று. வாங்குபவர் ஒருமுறை பணம் செலுத்தினால், ஒப்பந்த வரம்புக்குள் பலமுறை பயன்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் தனித்தனியே பணம் தர வேண்டுவதில்லை. அவ்வளவே. அடுத்து, ‘எக்ஸ்குளூசிவ்’ என்று ஒன்று. அந்த நிறுவனத்துக்கன்றி வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்களிப்பது அது. சில இடங்களில் அதற்குப் பங்கு சற்று மிகுதி. ஆனால் ஓரிடத்தில் அவ்வாறு வாக்களித்துவிட்டு, வேறிடத்திலும் அதே துண்டை வைத்தால் அது ஒப்பந்த மீறல் ஆகும்.

இனி என் மாணவர் முன்னரே இட்ட கையெழுத்துக்கு வருவோம். இடைத்தரகர் ஒருவர் அவரிடம் வந்து, அறுபது துண்டுகளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, இரண்டு பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கிச் சென்றிருந்தார். அந்த மாதத் தவணையைக் கட்ட அப்பணம் உதவியது. நான் அந்தத் தாளைப் படித்துப் பார்த்தேன். ‘உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், எல்லா உரிமைகளையும்’ என்று எழுதியிருந்தது. என் மாணவர் குத்தகை என்று நினைத்துக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தார். அந்த அறுபது துண்டுகளும் இன்று வேறொருவர் பெயரில் விற்பனையாகின்றன. நூல் இறங்கும் அந்தப் பின்னல் இயந்திரக் காட்சியை அவரே தம் பெயரில் இனி எங்கும் வைக்க இயலாது.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 19 ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின. உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்து மூலமாக, கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்பவை குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ள வேண்டும். இவ்வளவு பரிவோடு சட்டம் வேலி கட்டியிருக்கிறது. ஆனால் ‘உலகம் முழுவதும், காலம் முழுவதும்’ என்று எழுதிய தாளில் நாமே கையெழுத்திட்டால், வேலியை நாமே பிடுங்கி எறிந்தவர்கள் ஆகிறோம். திரைப்படமாகக் கருதப்படும் இத்தகைய காட்சிக்குரிய பதிப்புரிமை, வெளியிட்டதற்கு மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அறுபது ஆண்டு விளைச்சலை ஒரு மாதத் தவணைக்காகக் கொடுத்தது சரியா என்று நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

அதே சட்டத்தின் 17 ஆம் பிரிவு படம் எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கலியாண வீட்டார் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன முகூர்த்தக் காட்சியையும், மணமகள் கண் கலங்கி விடைபெறும் காட்சியையும் எடுத்தவர் தம் சொத்தென்று கருதி விற்கலாகாது. நாம் உழைத்தோம் என்பதனாலேயே பொருள் நம்முடையதாகிவிடாது. கொத்தனார் கட்டிய வீடு கொத்தனாருடையதா?

ஆலைக்குள் எடுப்பதிலும் இத்தகைய நுட்பம் உண்டு. பனியன் கம்பெனியில் எடுத்த காட்சியை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால், இடத்துக்கு உரியவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மேசையில் கிடக்கும் சட்டையின் கழுத்துப் பட்டையில் வெளிநாட்டு வணிகரின் பெயர் இருந்தால், அந்தக் காட்சியை விளம்பர வகையில் ஏற்கமாட்டார்கள். ஏற்காதது மட்டுமன்று, யாருடைய ஆர்டர் எந்தக் கம்பெனியில் ஓடுகிறது என்பது வெளியே தெரிந்துவிட்டால், முதலாளி அந்த ஆர்டரையே இழக்க நேரிடலாம். அவரை நம்பியிருக்கும் கைமடிப்போரும், பிசிறு வெட்டுவோரும், செக்கிங் செய்வோரும் அல்லவோ முதலில் துன்புறுவார்கள்? திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே படம் எடுக்க வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும். கோயிலுக்குள் எடுக்க அறநிலையத் துறையாரைக் கேட்க வேண்டும்.

விளம்பர வகை என்று சொன்னேன். மற்றொரு வகை ‘எடிட்டோரியல்’ என்பது. செய்திக்கும் கல்விக்கும் ஆவணப்படத்துக்கும் மட்டும் பயன்படும் காட்சி அது. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் ஆயிரம் பேரிடமும் சம்மதத் தாள் வாங்க முடியாது. ஆகவே அத்தகைய காட்சியை இவ்வகையில் வைக்கலாம். ஆனால் ஊர், நாடு, தேதி, நிகழ்ச்சி ஆகியவற்றைப் பிழையின்றிக் குறிக்க வேண்டும்.

தனி ஒருவர் முகம் தெரியும் காட்சியை விளம்பர வகையில் வைக்க அவருடைய சம்மதம் கட்டாயம். இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஏனெனில் நான் நேரில் அறிந்த ஒரு துன்பம் இதில் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பனியன் கம்பெனியில் பல ஆண்டுகள் பிசிறு வெட்டியவர். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். என் மாணவர் ஒரு மாலை வேளையில், திண்ணையில் அமர்ந்திருந்த அவர் முகத்தைப் படம் பிடித்தார். முகத்தில் வெயில் சாய்ந்து விழுந்தது. மிக அழகிய காட்சி. அது கூலிக்கு எடுத்ததன்று. தரகரிடம் கொடுத்ததும் அன்று. சம்மதத் தாளிலும் முறைப்படி கைந்நாட்டு வாங்கினார். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. “படத்துக்குங்க பாட்டி” என்றார் அவர். “வெச்சுக்க கண்ணு” என்று விரலை நீட்டினார் பாட்டி.

சில மாதங்கள் கழித்து, வெளியூரில் வேலை பார்க்கும் பேரன் தன் கைப்பேசியில் ஒரு காட்சியைக் கண்டான். ஆதரவற்ற முதியோருக்கு நன்கொடை கேட்கும் வேண்டுகோள் அது. அதில் வந்த முகம் அவன் பாட்டியின் முகம். அந்த அம்மையார் என் வீட்டுக்கு வந்து வாசற்படியில் நின்றுகொண்டு, “வாத்தியாரய்யா, எனக்கு மூணு பசங்க இருக்காங்க. நான் என்ன அனாதைங்களா? சோறு போடாத பசங்கன்னு ஊரு அவங்களைப் பேசாதுங்களா?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. என் மாணவருக்கும் தெரியவில்லை.

அவர் உடனே அந்தத் துண்டை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். அதனால் இனி வாங்குவோர் வாங்க முடியாது. ஆனால் முன்னரே வாங்கியவர் பெற்ற உரிமை நீங்குவதில்லை. எங்கள் அவிநாசித் தலத்தில், முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது தல வரலாறு. விற்றுப்போன காட்சியை மீட்கும் பதிகம் நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

அதன்பின் என் மாணவர் ஒரு வழக்கத்தை மேற்கொண்டார். சம்மதத் தாளின் பொருளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். கையெழுத்து வாங்குமுன், வீட்டார் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு, அதை உரக்கப் படித்துக் காட்டுகிறார். ‘இந்தப் படத்தை எவர் வாங்குவார், எதற்குப் பயன்படுத்துவார் என்று எனக்கே தெரியாது, பிறகு திரும்பப் பெற முடியாது’ என்னும் வாசகத்தை இரண்டு முறை படிக்கிறார். தமிழ்ப் படி ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடுகிறார். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. அவ்வாறு சொன்னால் வணங்கிவிட்டு வந்துவிடுகிறார். சம்மதித்தவர்களுக்கு அன்றைய கூலிக்குக் குறையாமல் ஒரு தொகை கொடுக்கிறார். அந்த மூதாட்டியிடமும் சென்று மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் சென்ற தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு என் மாணவர் வீட்டுக்கும் போயிற்று என்பதை அறிவேன்.

வரியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நிறுவனங்களிடம் கணக்குத் தொடங்கும்போது ‘டபிள்யூ 8 பென்’ என்னும் வரிப் படிவம் ஒன்றைக் கேட்பார்கள். அதை நிரப்பி, நம் பான் எண்ணைக் குறித்தால், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி உடன்படிக்கையின்படி, அந்நாட்டில் விற்பனையான பகுதிக்கு நூற்றுக்கு 15 பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் நூற்றுக்கு 30 போய்விடும். அங்கே பிடித்த வரியை நம் வருமான வரிக் கணக்கில் காட்டி, உரிய அளவுக்குக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. அதற்கான சான்றுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு தணிக்கையாளரைக் கலந்துகொள்வது நலம். வந்த பணம் சிறிதென்று எண்ணிக் கணக்கில் காட்டாது விடுவது தவறு.

இக்காலத்தில் ஒப்பந்தங்களில் புதிதாகத் தோன்றியிருக்கும் ஒரு விதியையும் கவனித்துப் படிக்க வேண்டும். நாம் கொடுக்கும் காட்சிகளைச் செயற்கை அறிவு இயந்திரங்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் சில நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அதற்கெனத் தனித் தொகை அளிப்போரும் உண்டு. வேண்டாம் என்று விலகிக்கொள்ள இடம் தருவோரும் உண்டு. நம் துண்டுகளைக் கண்டு கற்ற இயந்திரம் நாளை நமக்கே போட்டியாக வரலாம். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அறியாமல் ஏற்பது கூடாது.

நானும் என் மாணவரும் அந்த நாற்பது பக்கங்களையும் மூன்று மாலைகளில் படித்து முடித்தோம். ஒவ்வொரு விதிக்கும் எதிரில் தமிழில் ஒரு வரி எழுதினோம். நான்காம் நாள்தான் அவர் அந்தப் பொத்தானை அழுத்தினார்.

அதன்பின் நான் அவருக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். பள்ளியில் வருகைப் பதிவேடு வைத்திருப்போம் அல்லவா? அதுபோல ஒரு குறிப்பேடு. எந்தத் துண்டு, எந்த நாள், எந்த ஊர், எவர் முகம், சம்மதத் தாள் உண்டா இல்லையா, எந்த நிறுவனத்துக்கு எவ்வகைக் குத்தகை, எவ்வளவு வந்தது, எவ்வளவு வரி பிடித்தார்கள் என்னும் விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பேடுதான் அவருடைய பட்டா, அதுவே சிட்டா. மூலப் படத்தை இரண்டு வேறு இடங்களில் சேமித்து வைக்கும்படியும் சொன்னேன். ஏ. கே. செட்டியாரின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953 ஆம் ஆண்டு அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்த வடிவின் படி ஒன்றை ஓர் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவிலே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அத்துணைப் பெரிய உழைப்புக்கே அந்த நிலை என்றால், நம் சிறு துண்டுகளைக் காப்பவர் நாமன்றி வேறு யார்?

அவிநாசி என்னும் எங்கள் ஊரின் பெயருக்கு அழிவில்லாதது என்று பொருள் சொல்வார்கள். காமிராவில் பிடித்த காட்சி தானாகவே அழிவின்றி நின்றுவிடாது. எடுத்தவர் அதன் நாளையும் ஊரையும் எழுதி வைத்து, அதன் உரிமையைத் தம் கையில் வைத்திருந்து, அதில் தோன்றும் மனிதரின் மானத்தையும் காத்தால்தான் அது நிற்கும். வருவாய் அதன்பின் வரட்டும். வரும்போது தலைநிமிர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

சென்ற மார்கழியில் என் மாணவர் வந்தார். அம்மாதத் தவணையில் ஏறத்தாழப் பாதியை அந்தக் குளத்துக் காட்சிகள் இரண்டும் கட்டிவிட்டன என்றார். மீதிப் பாதிக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். “தை பிறக்குமுங்களே சார், கலியாணம் வந்துருமுங்க” என்று சிரித்தார்.